பறவையோடு அதன் இடத்தையும் எடுங்கள்

சென்னையின் பறவைப் படக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

அடையாற்று முகத்துவாரத்திலும் பள்ளிக்கரணை ரேடியல் சாலை ஓரத்திலும் விடியுமுன்னே வந்து நிற்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். உங்களில் சிலர் மீடியம் ஃபார்மட் டிஜிட்டல் கேமரா வாங்கிவிட்டீர்கள். இன்னும் பலர் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள். என்னைப் பார்க்கும்போது கேட்பது ஒன்றுதான்: "சார், இதுல பறவை எடுக்க முடியுமா?"

முடியும். ஆனால் அந்தக் கேமரா எதைக் கூடுதலாகத் தருகிறது என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். அதைச் சொல்லப்போனால், நாம் இத்தனை காலமாக எடுத்துவரும் படங்களைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

முதலில் கணக்கு. ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் அளவு 36-க்கு 24 மில்லிமீட்டர். ஃபுஜிஃபில்ம் ஜிஎஃப்எக்ஸ், ஹாசல்பிளாட் எக்ஸ் வரிசைக் கேமராக்களின் சென்சார் ஏறத்தாழ 44-க்கு 33. பரப்பில் இது 1.7 மடங்கு. அளவைக் கேட்டதும் பறவை பெரிதாக விழும் என்று தோன்றுகிறது. அப்படி விழாது. 102 மெகாபிக்சல் ஜிஎஃப்எக்ஸ் 100-இல் ஒரு பிக்சலின் அகலம் 3.76 மைக்ரான். 61 மெகாபிக்சல் சோனி ஏ7ஆர் 4-இலும் அதே 3.76 மைக்ரான்தான். இரண்டிலும் 500 மி.மீ. லென்ஸ் போட்டு, ஒரே இடத்தில் நின்று, ஒரே கூழைக்கடாவை எடுத்துப் பாருங்கள். இரண்டு படத்திலும் பறவையின் மேல் விழும் பிக்சல்கள் ஏறத்தாழச் சமம். பெரிய கேமரா கூடுதலாகத் தரும் நான்கு கோடி பிக்சலும் கூழைக்கடாவைச் சுற்றியுள்ள நீருக்கும் சேற்றுக்கும் கரைக்கும் வானத்துக்கும் போகின்றன.

அந்த நான்கு கோடி பிக்சலை வெட்டி எறியப்போகிறோமா, அதற்காகவே படம் எடுக்கப்போகிறோமா? நான் உங்களிடம் பேச விரும்புவது இதைத்தான்.

பாயும் மீன்கொத்தியை மட்டும் எடுப்பதுதான் உங்கள் ஆசை என்றால், கையில் இருக்கும் கேமராவே போதும். 2023-இல் வந்த ஜிஎஃப்எக்ஸ் 100-2 பறவையைத் தானே கண்டுபிடித்து ஃபோகஸ் செய்கிறது, நொடிக்கு 8 படம் எடுக்கிறது. 2024-இல் அதற்கு 500 மி.மீ. எஃப்/5.6 லென்ஸும் வந்தது. ஆனாலும் அந்த லென்ஸ் காட்டும் கோணம் ஃபுல் ஃப்ரேமில் 400 மி.மீ. காட்டும் கோணம்தான். வேகத்திலும் நெருக்கத்திலும் உங்கள் பழைய கேமராவும் 600 மி.மீ. லென்ஸும் இதை எளிதாக முந்தும். அதற்காகப் பல லட்சம் செலவு செய்ய வேண்டாம் என்று உரிமையோடு சொல்கிறேன்.

இப்போது நம் படங்கள். உங்களில் பலரின் கைத்திறனை நான் மதிக்கிறேன். இறகின் ஒவ்வொரு இழையும் கண்ணின் ஒளிப்புள்ளியும் துல்லியமாக விழுந்திருக்கும். ஆனால் பின்னணி முழுவதும் கரைந்த பச்சை. அந்த மீன்கொத்தி அடையாற்றில் உட்கார்ந்ததா, பரத்பூரில் உட்கார்ந்ததா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பத்து ஆண்டுகளாகச் சென்னையில் ஆயிரக்கணக்கில் பறவைப் படங்கள் எடுத்திருக்கிறோம். அவற்றையெல்லாம் ஒன்றாகப் பரப்பி வைத்தாலும், பத்து ஆண்டுகளுக்கு முன் பள்ளிக்கரணையில் தண்ணீர் எதுவரை நின்றது, சம்புப் புல் எங்கே முளைத்திருந்தது, குப்பை எதுவரை வந்திருந்தது என்று சொல்ல முடியுமா? இந்த நகரத்தில் நாம் இழந்துகொண்டிருப்பது பறவை இறங்கும் இடத்தை. அந்த இடத்தைத்தான் நாம் எடுக்காமல் விட்டுக்கொண்டிருக்கிறோம்.

இந்த இழப்பு புதியதல்ல. ரங்கநாதன் தெருவில் நடப்பவர்களில் எத்தனை பேருக்கு அங்கே ஏரி இருந்தது தெரியும்? ஆங்கிலேயர்கள் லாங் டேங்க் என்று அழைத்த மயிலாப்பூர், மாம்பலம் ஏரிப் பரப்பை ஒட்டியும் பிறகு தூர்த்தும்தான் 1920-களிலிருந்து தியாகராய நகர் வளர்ந்தது. நுங்கம்பாக்கத்தின் லேக் ஏரியாவும் மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ ரோடும் பெயரில் மட்டும் அந்த நீரைச் சுமந்து நிற்கின்றன. அந்த நீர்ப்பரப்பை அதில் இறங்கிய பறவைகளோடு காட்டும் ஒரு நல்ல படத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை. அதன் ஓரத்தில் கேமராவோடு யாராவது பொறுமையாக நின்றிருந்தால், எதைக் கொடுத்து எதை வாங்கினோம் என்று நம் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு சான்று மிஞ்சியிருக்கும்.

நமக்கு முன்னோடி இல்லாமல் இல்லை. நம் மயிலாப்பூரிலேயே, இன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை என்று பெயர் மாறிவிட்ட எட்வர்ட் எலியட்ஸ் சாலையில் வாழ்ந்தவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்தார். ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950-இலிருந்து கடைசிவரை 'கன்ட்ரி நோட்புக்' என்ற பத்தியை எழுதியவர். கலர் ஃபிலிம் எங்கும் பரவிய பின்னும் கறுப்பு வெள்ளையில் யானைகளை எடுத்தவர். அவருடைய கேமராவை நேரில் பார்த்த இ.பி. ஜீ, இந்தியக் காட்டுயிர்களைப் பற்றி 1964-இல் வந்த தம் நூலில் அதை விவரித்திருக்கிறார். உடல் ஒரு கம்பெனி, டெலி லென்ஸ் வேறொரு கம்பெனி, மற்ற பாகங்கள் எல்லாம் கிருஷ்ணனே இணைத்துப் பொருத்தியவை. பெரிய, கனமான கேமரா. அதற்கு அவர் வைத்த பெயர் 'சூப்பர் பாண்டரோசா'.

அவ்வளவு கனத்தைக் காட்டுக்குள் சுமந்து சென்றவருக்கு, ஒரு நாட்டின் அடையாளம் அதன் நிலமும் செடிகொடியும் உயிரினங்களும்தான் என்ற உறுதி இருந்தது. மனிதப் பண்பாடு மாறிக்கொண்டே இருக்கும், நாட்டின் இயற்கைதான் அதன் அடித்தளம் என்று விடாமல் வாதிட்டார். அவருடைய படங்கள் பலவற்றில் யானையோடு அது நிற்கும் காடும் இருக்கிறது. மீடியம் ஃபார்மட் வாங்கும் உங்களுக்கு அவர்தான் நேரான மூதாதை. அவர் கையால் ஒட்டுப்போட்டுச் செய்துகொண்டதை நாம் இன்று கடையில் வாங்குகிறோம். அவர் அதைக் கொண்டு செய்த வேலையையும் நாம் எடுத்துச் செய்ய வேண்டும்.

இடத்தைக் காட்டும் படம் என்ன சாதிக்கும் என்று கேட்பவர்களுக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஓர் உதாரணம். டாஸ்மேனியாவின் பிராங்க்ளின் ஆற்றுக்கு அணை ஒன்று ஆபத்தாக வந்தது. பீட்டர் டொம்புரோவ்ஸ்கிஸ் என்ற படக்காரர் கனமான பெரிய ஃபார்மட் கேமராவை அந்த ஆற்றோடு சுமந்து சென்று, 1979-இல் காலைப் பனியில் பாறைத் தீவு ஒன்றின் அருகே ஆறு வளைந்து போவதை எடுத்தார். படத்தில் ஒரு விலங்கும் இல்லை, ஒரு பறவையும் இல்லை. 1983 மார்ச் பொதுத் தேர்தலுக்கு முன் அந்தப் படம் நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரமாக வந்தது. இதை அழிக்கும் கட்சிக்கு ஓட்டுப் போடுவீர்களா என்று மக்களைக் கேட்டது. ஆட்சி மாறியது. அந்த ஜூலையில் வந்த நீதிமன்றத் தீர்ப்போடு அணையும் நின்றது. ஒரு படம் மட்டும் அதைச் சாதிக்கவில்லை, பெரிய மக்கள் இயக்கம் பின்னால் இருந்தது. ஆனால் அந்த ஆற்றை ஒருநாளும் பார்க்காத லட்சக்கணக்கானவர்களின் வீட்டுக்குள் ஆற்றைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்தப் படம்தான்.

நம் பள்ளிக்கரணைக்கு அப்படி ஒரு படம் இன்னும் வரவில்லை. ஒருகாலத்தில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த சதுப்பு நிலம் அது. தென்சென்னை ஏரிகளின் உபரி நீரை வாங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும் கோவளம் கழிமுகத்துக்கும் அனுப்பும் நிலம். 2022-இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது அதன் பரப்பு 1,247.5 ஹெக்டேர். ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு, மறுபக்கம் அடுக்குமாடிகள், நடுவே ரேடியல் சாலை, இவை எல்லாவற்றுக்கும் இடையில் பூநாரைகள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரித் தெருக்களில் ஏன் படகு ஓடியது என்பதற்கான விடையின் பெரும்பகுதி இந்தக் காட்சியில் இருக்கிறது. பூநாரையின் கழுத்தை மட்டும் நெருங்கி எடுத்தால் அந்த விடை படத்தில் விழாது. பூநாரையும் குப்பை மேடும் கட்டடமும் ஒரே சட்டகத்தில், மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும். அதற்குத்தான் மீடியம் ஃபார்மட்.

எப்படி என்று கணக்கோடு சொல்கிறேன். 110 மி.மீ. லென்ஸை எஃப்/11-இல் வைத்து, 110 மீட்டர் தொலைவில் ஃபோகஸ் செய்யுங்கள். மிகக் கறாராகக் கணக்கிட்டாலும் 55 மீட்டரிலிருந்து தொடுவானம்வரை தெளிவாக இருக்கும். அந்த 110 மீட்டரில் 44 மீட்டர் அகலத்துக்கு நிலம் படத்துக்குள் வரும். அங்கே நிற்கும், ஒன்றேகால் மீட்டர் உயரமுள்ள ஒரு பூநாரை சென்சாரில் ஒன்றேகால் மி.மீ. உயரம்தான் இருக்கும். ஆனால் அதுவே 330 பிக்சல் உயரம். வளைந்த அலகு தெரியும், கால் தெரியும், தலைகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். படத்தை 300 டிபிஐ-இல் முழுதாகப் பிரிண்ட் போட்டால் ஏறத்தாழ 39-க்கு 29 அங்குலம் வரும். அதைச் சுவரில் மாட்டினால், எட்ட நிற்பவருக்கு ஒரு நீர்நிலையும் நகரமும் தெரியும். கிட்டப் போனால் ஒவ்வொரு பறவையும், குப்பை லாரியும், மாடியில் காயும் துணியும் தெரியும். ஃபோனில் விரலால் தள்ளிவிட்டுப் போகிறவர்கள்கூட அப்படி ஒரு பிரிண்டின் முன் நின்று தேடுவார்கள். வேளச்சேரிப் பள்ளி ஒன்றின் நடைவழியில் அப்படி ஒரு படம் தொங்க வேண்டும் என்பது என் ஆசை.

சில எச்சரிக்கைகளும் உண்டு. எலக்ட்ரானிக் ஷட்டரில் சென்சாரை வரிவரியாகப் படித்து முடிக்க நேரமாகும். அதற்குள் பறக்கும் சிறகு நகர்ந்து வளைந்து விழும். அசைவு இருந்தால் மெக்கானிக்கல் ஷட்டரையே போடுங்கள். நூறு மெகாபிக்சலில் கை நடுக்கம் ஒன்றும் மறையாது, ஆகவே ட்ரைபாட் வேண்டும். உப்புக் காற்றில் நின்ற ட்ரைபாட் கால்களை வீட்டுக்குப் போனதும் நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். லென்ஸில் பூஞ்சை பிடிக்க நம் ஊரின் ஒரு மழைக்காலம் போதும், டிரை கேபினட்டில் வையுங்கள். சுருக்காத 16 பிட் ரா ஃபைல் ஒன்றே 200 எம்பி வரும். ஒரு காலையில் 500 படம் எடுத்தால் 100 ஜிபி. அதனால் பட்டனை அழுத்திக்கொண்டே இருக்காமல், பார்த்து, காத்திருந்து எடுக்கும் பழக்கம் தானாக வரும். கடலிலிருந்து சூரியன் எழும் நேரத்தில் வானத்தின் பிரகாசத்தையும் கோரைப் புல்லின் நிழலையும் சேர்த்துப் பிடிக்க இந்தச் சென்சாரால் முடிகிறது. விடியலின் அந்தச் சில நிமிடங்களை வீணாக்காதீர்கள்.

மீடியம் ஃபார்மட் வாங்க வசதி இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். 24 மெகாபிக்சல் கேமராவை ட்ரைபாடில் செங்குத்தாக வைத்து, மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று விழும்படி மூன்று படம் எடுத்து இணைத்தால் 50 மெகாபிக்சலைத் தாண்டிவிடும். பறவைகள் ஓய்வாக நிற்கும் வேளையில் இது நன்றாகவே அமையும். நான் கேட்பது ஒரு பார்வை, அது எந்தக் கேமராவிலும் கைகூடும்.

அந்தப் பார்வையோடு ஒரு நேர்மையும் வேண்டும். இன்றைய மென்பொருள் ஒரு தட்டலில் மின்கம்பியையும் செல்ஃபோன் டவரையும் அழித்துவிடுகிறது. தயவுசெய்து அழிக்காதீர்கள். கூழைக்கடா அந்தக் கம்பிகளுக்கு ஊடேதான் பறந்து போகிறது. அடையாற்று முகத்துவாரத்தில் மிதக்கும் பிளாஸ்டிக்கும், 1977-இல் உடைந்து அப்படியே நிற்கும் பாலமும், தென்கரையில் தியாசபிகல் சொசைட்டியின் மரக்கூட்டமும், ஊரூர் குப்பத்து மீனவர் வீசும் வலையும் எல்லாம் சேர்ந்ததுதான் அந்த இடம். மீனவர் நகரும்வரை காத்திருந்து 'சுத்தமான' படம் எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆலாவும் உள்ளானும் வந்து இறங்கும் அதே மணல்திட்டில் அவரும் தலைமுறை தலைமுறையாக நிற்கிறார்.

உயிர்களிடம் நடந்துகொள்வது பற்றியும் சொல்லிவிடுகிறேன். கூட்டம் பறந்தால் நல்ல படம் கிடைக்கும் என்று கல்லெறிகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்த பறவை இங்கே தின்று சேர்க்கும் கொழுப்பில்தான் திரும்பிப் போகிறது. ஒவ்வொரு தடவை எழுப்பும்போதும் அதைச் செலவழிக்க வைக்கிறோம். அகன்ற படம் எடுப்பவருக்கு நெருங்கிப் போகவும் தேவையில்லை, எழுப்பவும் தேவையில்லை. கூட்டுக்கும் குஞ்சுக்கும் அருகே போகாதீர்கள், அந்த இடங்களைப் பரப்பாதீர்கள்.

ஜனவரி முதல் பெசன்ட் நகர், நீலாங்கரைக் கரைக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. 1988-இலிருந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் இரவெல்லாம் அந்த மணலில் நடந்து முட்டைகளைக் காத்து வருகிறார்கள். அங்கே ஃபிளாஷ் கூடவே கூடாது, டார்ச்சும் கூடாது. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு வெளிச்சமான திசையைக் கடல் என்று நம்பி ஓடும். நம் கடற்கரைச் சாலை விளக்குகள் அதைத் தரைப்பக்கம் இழுக்கின்றன. ஆமையை விட்டுவிடுங்கள். கேமராவை ட்ரைபாடில் வைத்து, மணலின் மட்டத்திலிருந்து கரைப்பக்கம் திருப்பி, அந்த விளக்கு வரிசையை நீண்ட எக்ஸ்போஷரில் எடுங்கள். பிறந்த குஞ்சு முதலில் பார்ப்பது அந்தக் காட்சியைத்தான். ஆமையே இல்லாத அந்தப் படம், ஆமையைப் பற்றி நாம் எடுக்கக்கூடிய மிக முக்கியமான படமாக இருக்கும்.

இனி என் வேண்டுகோள். சில இடங்களை நிலையாக வைத்துக்கொள்வோம். திரு.வி.க. பாலத்து நடைபாதையிலிருந்து கிழக்கே அடையாறு. பட்டினப்பாக்கத்திலிருந்து தெற்கே மணல்திட்டு. ஊரூர் குப்பத்திலிருந்து உடைந்த பாலமும் முகத்துவாரமும். ரேடியல் சாலையிலிருந்து பள்ளிக்கரணையின் இரண்டு பக்கமும். கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளத்தின் மேற்குக் கரை. மாதம் ஒரு தடவை, அதே இடத்தில் நின்று, அதே லென்ஸில், அதே திசையில் ஒரு படம். தேதி, நேரம், ஓதம் ஏறுகிறதா இறங்குகிறதா, நின்ற இடம், லென்ஸ் ஆகியவற்றை ஃபைலிலேயே எழுதிவிடுங்கள். பெரிய படத்தில் பறவைகளை எண்ணி அந்த எண்ணிக்கையையும் சேருங்கள். பொங்கல் சமயத்தில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்கு அது துணையாகும். ராம்சார் எல்லை எது, நீர் நின்றது எதுவரை என்ற கேள்விகள் பசுமைத் தீர்ப்பாயத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் போயிருக்கின்றன. அத்தகைய கேள்விக்குத் தேதியிட்ட, திருத்தப்படாத, அகன்ற படம் சொல்லும் பதிலை அழகான மீன்கொத்திப் படம் சொல்ல முடியாது.

இப்படிப் படம் சான்றாவதற்கு நம் நாட்டிலேயே பழைய உதாரணம் உண்டு. 1857, 58-இல் லின்னியஸ் டிரைப் என்ற படக்காரர் பெரிய காகித நெகடிவ்களோடு மதுரைக்கும் தஞ்சைக்கும் போனார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பகுதியைச் சுற்றியுள்ள கல்வெட்டை 21 பிரிண்டுகளாக எடுத்து, 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக இணைத்தார். நூற்று அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த எழுத்துகள் அந்தப் படத்தில் இருக்கின்றன. கனமான கருவியும் பொறுமையும் தெளிவான நோக்கமும் ஒன்றாகச் சேரும்போது படம் ஆவணம் ஆகிறது. நம் நீர்நிலைகளுக்கு அந்த அளவு மரியாதையை நாம் இன்னும் செய்யவில்லை.

கழுத்தில் தொங்கும் டெலி லென்ஸைக் கழற்றி எறியச் சொல்லவில்லை. உங்கள் பறவைப் படங்களை எடுங்கள், கொண்டாடுங்கள். ஒவ்வொரு காலையும் கிளம்பும் முன் ஒரே ஒரு படத்தை மட்டும் இடத்துக்காக எடுங்கள். மேலே சொன்ன இடங்களில் எதை யார் எடுத்துக்கொள்கிறீர்கள் என்பதை நீங்களே பேசி முடிவு செய்யுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே முதல் படங்கள் கைக்கு வந்துவிட வேண்டும். மழையும் பூநாரையும் வந்த பிறகு என்ன மாறியது என்று காட்ட, மாறுவதற்கு முந்தைய படம் நம்மிடம் இருக்க வேண்டும். தெப்பக்குளத்தின் மேற்குக் கரையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
மயிலாப்பூரிலிருந்து உங்களில் ஒருவன்